நெடுநேர மோட்டார்ப் பந்தயம்

கோயமுத்தூரினின்று பொள்ளாச்சி செல்லும் பெருவழியில் உள்ளது எம் ஊராகிய கிணத்துக்கடவு. பொன்மலை வேலாயுதசுவாமி கோயிலையும் தக்காளிச் சந்தையையும் கொண்டு அதனை அறிவார் பலர். அவ்வூரின் வடபால், பேருந்தில் அரைமணி நேரத்திற்கு மிகாத தொலைவில், செட்டிபாளையத்தையடுத்துக் கரி மோட்டார் ஸ்பீடுவே என்னும் பந்தயத்தடம் ஒன்று இருக்கிறது. அதன் சுற்றளவு 2.1 கி.மீ. கோவையின் ஆலைக் குடும்பமொன்றிற் பிறந்து, மாருதிக் காரின் எஞ்சினைக்கொண்டே பந்தய வண்டி சமைத்து, பெரும்பொருள் இல்லாத இளைஞரும் பந்தயத்தில் இறங்குதல் கூடும் எனக் காட்டியவர் எஸ். கரிவர்தன். அவர் 1995-ஆம் ஆண்டில் சிறு விமானமொன்று வீழ்ந்து மாண்டார். அவர் பெயரையே அத்தடம் தாங்கி நிற்கின்றது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடிந்தபின், என் அண்ணனோடு அங்குச் சென்றிருந்தேன். அண்ணன் குறிச்சியில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை செய்பவர். எஞ்சினின் ஒலியைக்கொண்டே அதன் நோய் இன்னதென்று சொல்லவல்லவர். எமக்கு அருகே, தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் அமர்ந்து நெடுநேரம் வாய்பேசாது பார்த்துக்கொண்டிருந்தார். முன்னே சென்ற வண்டிகளெல்லாம் பின்தங்கிய வண்டி ஒன்றனை ஒரு முழுச்சுற்று முந்திக் கடந்தபொழுது, அவர் என்பால் திரும்பி, "ஏனுங் தம்பி, அந்தக் கடைசீல போறவன் தோத்துட்டானல்லங்க? அப்பறம் எதுக்குங்க எண்ணெயை வீணாக்கிட்டுச் சுத்தறான்?" என்று வினவினார்.

அண்ணன் நகைத்தார். யான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் இரைச்சல் மிகுந்துவிட்டது. ஆயினும் அவ்வினா என்னை விடவில்லை. பின்னால் வருகின்ற வண்டிக்கும் தனக்கெனச் சொந்தமான ஒரு பந்தயம் உண்டு என்பதனை அடிப்படையாகக்கொண்ட பந்தயமொன்று உலகில் நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகின்றது என அறிந்தபின், அதனைப்பற்றி எழுதல் தகும் எனத் துணிந்தேன். நம் கல்லூரியில் கிரிக்கெட்டுக்கும் ஹாக்கிக்கும் பக்கங்கள் பல உண்டு. மோட்டாருக்கு ஒரு பக்கம் இருப்பதில் பிழையில்லை.

வகுப்பு என்பது யாது? கொங்குநாட்டினர் ரேக்ளா வண்டிப் போட்டியை அறிவர். மாட்டின் பல்லை எண்ணி வயதறிந்து, இளங்காளைகளை 200 மீட்டரிலும் முதிர்ந்தவற்றை 300 மீட்டரிலும் ஓட்டுவர். ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே ஓடும். கடிகாரமே வெற்றியைத் தெரிவிக்கும். மதுரை, சிவகங்கைப் பக்கத்தாரோ பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு எனப் பிரித்துப் பல வண்டிகளை ஒருங்கே விடுவர். எனினும் பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை ஒருபோதும் கலவார். ஒத்தாரோடு ஒத்தாரே மோதவேண்டும் என்பது இருவர்க்கும் பொதுவான நியாயம். இப்பொழுது, பெரிய மாடும் பூஞ்சிட்டும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரு பகலும் ஓர் இரவும் ஓயாது ஓடுவதாக எண்ணிக்கொள்க. பூஞ்சிட்டு பூஞ்சிட்டோடுதான் போட்டியிடும். பெரிய மாடு பெரிய மாட்டோடுதான் போட்டியிடும். ஆயினும் பாதை ஒன்றே. இதுவே பல்வகுப்பு நெடுநேரப் பந்தயம்.

இவ்வகைப் பந்தயங்களுள் தலையாயது பிரான்சு நாட்டில் லெ மான் என்னும் நகர்க்கருகே நடைபெறுவது. 1923-இல் தொடங்கியது. அக்காலத்தில் மோட்டார் வண்டி நம்பத்தக்க பொருளன்று. இரவில் விளக்கு அணையும், வழியில் அச்சு முறியும். ஆகவே வேகத்தை மட்டும் அளவாது, இருபத்துநான்கு மணி நேரம் உழைத்து நிற்கும் திறத்தை அளப்போம் என்று அந்நாட்டு மோட்டார்ச் சங்கத்தார் ஒருவர் இருவரல்லர், பலர் கூடி முடிவுசெய்தனர். பெரிய எஞ்சினுடைய வண்டிகளும் சிறிய எஞ்சினுடைய வண்டிகளும் வந்தன. சிறியவற்றை ஒதுக்கிவிடின் பந்தயம் பணக்காரக் கம்பெனிகளின் ஊர்வலமாக முடியும். சேர்த்துக்கொள்ளின் அவற்றிற்கும் வெல்வதற்கொரு பரிசு வேண்டும். இங்ஙனமே வகுப்புகள் தோன்றி நிலைபெற்றன.

தடத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 13.6 கி.மீ. அதிற் பெரும்பகுதி மற்ற நாட்களில் லாரியும் பேருந்தும் செல்கின்ற பொதுச்சாலையே. 2024-ஆம் ஆண்டில் அங்கு 62 வண்டிகள் ஓடின. அவற்றுள் 23 ஹைப்பர்கார் என்னும் உயர்வகுப்பின. கார்க் கம்பெனிகள் பந்தயத்திற்கென்றே படைத்தவை. 16 எல்.எம்.பி.2 எனப்படும் இடைவகுப்பின. இவையும் பந்தயத்திற்கென்றே செய்தவையாயினும், எல்லார்க்கும் ஒரேவகை எஞ்சின், செலவும் குறைவு. எஞ்சிய 23, ஜி.டி.3 வகையின. போர்ஷே, பெராரி, கார்வெட்டு எனக் கடையில் விற்கும் கார்களின் உருவமே இவற்றின் உருவம். ஒன்றினும் மற்றொன்று இயல்பாகவே வலிமை மிக்கதாயிருத்தலின், நடத்துவோர் ஒன்றன்மீது எடை ஏற்றியும், மற்றொன்றன் எஞ்சினுக்குள் புகும் காற்றைக் குறைத்தும் சமன்செய்வர். தராசுத் தட்டில் கல்லிடுவது போன்ற இவ்வேலையில் எல்லாரையும் மகிழ்வித்தவர் இதுகாறும் யாருமிலர், ஆண்டுதோறும் பூசல்தான்.

பந்தயம் சனி மாலை தொடங்கி ஞாயிறு மாலை முடியும் என்பர். உண்மையில் அந்த வாரம் முழுவதுமே பந்தயந்தான். முதலில் வண்டிகளை நகர்நடுவிலுள்ள வெளிக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னிலையிலும் சோதிப்பர், எடையிடுவர், அளப்பர். திருவிழாவிற்கு முன் தேரைத் துடைத்து வடம் பார்ப்பதனை ஒத்தது அக்காட்சி. அதன்பின் பயிற்சி ஓட்டம். பின் யார் முன்வரிசையில் நிற்பது எனத் தீர்மானிக்கும் நேர ஓட்டம். பயிற்சியில் ஒரு பங்கு இரவில் நடைபெறும். பகலிற் கண்ட திருப்பம் இருளில் வேறாகத் தோன்றும் ஆதலின், பந்தயத்திற்குமுன் ஒவ்வோர் ஓட்டுநரும் இருட்டிலும் ஓட்டிக் காட்டியாக வேண்டும்.

ஒரு வண்டிக்கு மூவர் ஓட்டுநர். ஒருவர் ஆறு மணி நேரத்துள் நான்கு மணிக்கு மேல் ஓட்டலாகாது. முழுப் பந்தயத்திலும் பதினான்கு மணிக்கு மேல் ஓட்டலாகாது. வண்டி ஏறத்தாழ 40, 45 நிமிடத்திற்கு ஒருமுறை எண்ணெய்க்காகத் தடத்தைவிட்டு விலகி உள்ளே வரும். வந்து நிற்கும் இடத்திற்குப் 'பிட்' என்று பெயர். (அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர் சிலர் தேர்வுக்கூடத்தை நினைப்பாராயின் அஃது என் குற்றமன்று. இந்தப் பிட் கண்காணிப்பாளர் கண்முன்னரே பயன்படுத்தத்தக்கது.) அங்கே எண்ணெய் நிரப்புவோர், டயர் மாற்றுவோர், கண்ணாடி துடைப்போர் எனத் தொழில் பகுத்து நிற்பர். ஓர் ஓட்டுநர் இறங்க, மற்றொருவர் ஏறி அமர, முன்னவர் பின்னவரின் வாரைக் கட்டிவிடுவார். ஓட்டியவரே அடுத்தவர்க்கு வார் கட்டிவிடும் அச்செயல் சில நொடிகளுள் முடிந்துவிடும். படக்காட்சியில் யான் திரும்பத் திரும்பப் பார்த்தது அதனைத்தான்.

இனி, இப்பந்தயத்தின் உயிர்நிலையாகிய முந்துதலைக் கூறுவேன். மழையில்லா நாளில் உயர்வகுப்பு வண்டி ஒரு சுற்றினை ஏறத்தாழ மூன்றரை நிமிடத்தில் முடிக்கும். ஜி.டி. வண்டிக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் வேண்டும். ஆகவே எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஜி.டி. வண்டியையும் அஃது முந்தியாக வேண்டும். 380 சுற்று ஓடுவதாகவும், ஜி.டி. வண்டிகள் 23 எனவும் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆயிரத்தைத் தாண்டுகிறது. தன் போட்டியாளரல்லாத வண்டியை மட்டுமே ஒரே நாளில் ஆயிரம் முறை முந்துவது! ஒன்றரை நிமிடத்திற்கும் குறைந்த இடைவெளியில் ஒருமுறை, பகலிலும் இரவிலும், மழையிலும். இடைவகுப்பினை இக்கணக்கிற் சேர்த்திலேன். என் கணக்குப் புலமையை நண்பர்கள் அறிவர்.

இவ்வாயிரத்தில் ஒன்று தவறினும் பந்தயம் முடிந்தது. நேர்ச்சாலையில் உயர்வகுப்பு வண்டி மணிக்கு 340 கி.மீ. வரை எட்டும், ஜி.டி. வண்டி அதற்கு 50, 60 கி.மீ. குறைவாகவே செல்லும். பின்னால் வருபவரின் விளக்கு கண்ணாடியில் தோன்றிய சிறு பொழுதில் அவர் பக்கத்தில் இருப்பார். நீலக்கொடி அசைத்து, "விரைவான வண்டி உன்னை நெருங்குகிறது" எனக் காவலர் அறிவிப்பர். இன்ன வகுப்பு என இருளிலும் தெரியும்பொருட்டு, உயர்ந்த வண்டிகளுக்கு வெண்ணிற விளக்கும் ஜி.டி. வண்டிகளுக்கு மஞ்சள் விளக்கும் வைப்பது லெ மானில் நெடுங்கால வழக்கம். வண்டியின் எண்பலகையும் வகுப்புக்கு ஒரு நிறமாயிருக்கும்.

மெதுவாகச் செல்பவன் என்செய்ய வேண்டும்? ஒதுங்கிவிட வேண்டும் என்றே யான் எண்ணியிருந்தேன். அண்ணன்தான் அதனைத் திருத்தினார். ஒதுங்குதலே பிழை. அவன் தான் செல்லும் கோட்டிலேயே செல்லவேண்டும்; திடீரென விலகவும் கூடாது, திடீரென நிற்கவும் கூடாது. அவன் இன்னது செய்வான் என முன்னரே அறியத்தக்கவனாயிருத்தல்தான் அவன் கடமை. இடம் கண்டு, காலம் பார்த்து, பழுதின்றிக் கடத்தல் விரைவானவன் கடமை. பொள்ளாச்சிச் சாலையில் இதனை நாம் நாள்தோறும் காண்கிறோம். தேங்காய் ஏற்றிய லாரி தன் வழியே சீராகச் செல்லுமாயின் பேருந்து அதனை எளிதிற் கடக்கும். பின்னால் ஒலி கேட்டுத் திடுக்கிட்டு, இடப்பக்கமோ வலப்பக்கமோ எனத் தயங்கும் மொபெட்டுக்காரரிடந்தான் ஆபத்து.

இது வெறும் மரியாதை பற்றிய பேச்சன்று, உயிர் பற்றியது. 1955 ஜூன் 11-ஆம் நாள், லெ மானில், முதல்வரிசையில் ஓடிய ஜாகுவார் வண்டியொன்று எண்ணெய்க்காகப் பிட்டுக்குள் செல்லத் தடைபிடித்தது. அதன் பின்னே வந்த, வேகம் குறைந்த வகுப்பினதான ஆஸ்டின் ஹீலி வண்டி மோதலைத் தவிர்க்க இடப்பக்கம் விலகியது. அவ்விடத்தில், அதனினும் மிக்க வேகத்தோடு, பியேர் லெவே என்னும் பிரெஞ்சுக்காரரின் மெர்சிடிசு வந்துகொண்டிருந்தது. முன்வண்டியின் பின்புறச் சரிவில் ஏறி மேலெழுந்து, கரையில் மோதிச் சிதறி, கூட்டத்துள் பாய்ந்தது. லெவேயும், பார்க்க வந்தோருள் 80-க்கு மேற்பட்டோரும் மாண்டனர். மோட்டார்ப் பந்தய வரலாற்றில் அதனிற் கொடியது வேறொன்றில்லை. சுவிட்சர்லாந்து தன் நாட்டில் தடப்பந்தயங்களையே பல்லாண்டு தடைசெய்துவிட்டது. பிட்டுக்கும் தடத்திற்கும் இடையே அந்நாளில் சுவரே இல்லை என்பதனைப் படிக்கும்பொழுது, வகுப்புகளைக் கலந்துவிட எண்ணியவர்கள் அக்கலப்பிற்கு வேண்டிய இடத்தை அமைக்க எண்ணாதது ஏன் என்னும் கேள்வி எழுகின்றது. தடம் 1923-இன் தடம். வண்டிகளோ 1955-இன் வண்டிகள். அவ்விபத்தின் பின்னரே பிட்டுகள் இடித்துக் கட்டப்பட்டன.

இத்துணை ஆபத்திற்கும் செலவிற்கும் பயன் யாது என வினவுவோர் நம் கல்லூரியிலும் உளர். என் அறைத்தோழர் அவர்களுள் ஒருவர். "ஒரு வண்டியின் டயர்ச் செலவில் ஓர் ஊர்க்குக் குடிநீர்க் குழாய் இடலாம்" என்பார். அவரோடு வழக்காடி யான் வென்றதில்லை. தட்டையான சாலையில் நடக்கும் சாதாரணப் பந்தயத்தைக் குறித்து அவர் சொல்லை இன்றும் ஏற்கிறேன். ஆனால் நெடுநேரப் பந்தயத்தைக் குறித்து அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச்சொல்ல என் மனம் இசையவில்லை. காரணம் பின்வரும் செய்திகளால் விளங்கும். விளங்காவிடின் தோழர் கட்சியே வென்றதாகுக.

நாராயண் கார்த்திகேயன் கோவையினர். 2005-இல் ஜார்டன் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன்று பந்தயத்திற் புகுந்த முதல் இந்தியராயினார். இஃது யாவரும் அறிந்தது. அவர் 2009-இல் லெ மானுக்குச் சென்றது அத்துணைப் பரவலாக அறியப்பட்டதன்று. டீசலால் இயங்கும் ஆடி ஆர்10 வண்டியொன்றனைக் கோலெஸ் என்பாரின் அணி கொணர்ந்திருந்தது. அவ்வகை வண்டியே 2006 முதல் மூன்றாண்டு தொடர்ந்து வென்றது. டீசலால் லெ மானை வென்ற முதல் வண்டியும் அதுவே. கார்த்திகேயனோடு ஓட்ட இருந்தவர்கள் சார்ல்ஸ் சுவால்ஸ்மன், ஆந்திரே லாட்டெரர் என்னும் இருவர். வாரம் முழுவதும் பயிற்சி முடிந்தது. பந்தயம் தொடங்குதற்குச் சற்றுமுன், பிட்டுச் சுவரினின்று இறங்கியபொழுது கார்த்திகேயன் தோள்மூட்டுப் பிசகிவிட்டது. தோள் பிசகியவர் வண்டியோட்டுதல் எங்ஙனம்? லெ மானில் ஓடும் முதல் இந்தியர் என்னும் பெயர் கைக்கு எட்டிய அளவில் நழுவியது.

மூவர் சுமக்க வேண்டிய சுமை இருவர்மீது விழுந்தது. ஒருவர் ஓட்ட மற்றவர் உண்டு உறங்கி எழவேண்டும். அடுத்து அவரே ஏறவேண்டும். மூன்றாமவர் என ஒருவர் இல்லை. இருவரும் இருபத்துநான்கு மணி நேரமும் ஓட்டி முடித்தனர். அவ்வண்டி முழுவரிசையில் ஏழாவதாக வந்தது. லாட்டெரரின் அவ்வாண்டு ஓட்டத்தின்பின், அடுத்த ஆண்டே ஆடிக் கம்பெனியார் அவரைத் தம் சொந்த அணியிற் சேர்த்துக்கொண்டனர்.

அந்த லாட்டெரரைப்பற்றியே இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அது நம் பொருளுக்கு நேரே உரியது. 2011-இல் ஆடி அணியினர் மூன்று வண்டிகளோடு வந்தனர். முதல் மணி நேரத்திலேயே ஒன்று, முந்தும் முயற்சியில் ஜி.டி. வகுப்புப் பெராரியொன்றோடு உராய்ந்து, மணற்பரப்பைத் தாண்டிப் பறந்து, அடைப்பில் மோதி நொறுங்கியது. இரவில் மற்றொன்று, ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில், வேறொரு ஜி.டி. வண்டியோடு பட்டுச் சிதைந்தது. இரு வண்டிகளும் இரும்புக் குவியலாயினும் ஓட்டுநர் இருவரும் உயிரோடு வெளிவந்தனர். 1955-க்குப் பின் மக்கள் கற்றது வீணாகவில்லை. எஞ்சிய ஒரே வண்டி லாட்டெரருடையது. அவரும் அவர் தோழர் இருவரும் அதனை விடியுமளவும், பின் மாலையளவும் காத்து, பெஜோ வண்டியை 14 நொடிக்கும் குறைவான இடைவெளியில் வென்றனர். இருபத்துநான்கு மணி நேர ஓட்டத்தின் முடிவில் 14 நொடி! முன்னைய இரண்டு வண்டிகளும் அதனினும் மெதுவானவையல்ல. மெதுவான வண்டிகளிடையே பிழையின்றிச் செல்லும் அவ்வாயிரம் செயல்களே வேறுபாடு.

லெ மானில் ஓடிய முதல் இந்தியர் என்னும் பெயர் 2012-இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்குக்குக் கிடைத்தது. அவர் வண்டி முழுவரிசையில் ஆறாவது. கார்த்திகேயனோ அவ்வகைப் பந்தயத்தை விட்டொழியவில்லை. 2021-இல், அர்ஜுன் மைனி, நவீன் ராவ் என்பாரோடு சேர்ந்து, இந்தியர் மட்டுமே ஓட்டும் அணியாக, ஆசிய லெ மான் தொடரில் எல்.எம்.பி.2 வகை வண்டியொன்றனைத் துபாயிலும் அபுதாபியிலும் ஓட்டினார்.

ஓட்டுநரிலும் வகுப்பு உண்டு என்பதனை ஈண்டுக் கூறல் தகும். பன்னாட்டு மோட்டார்ச் சம்மேளனத்தார் ஓட்டுநரைப் பிளாட்டினம், பொன், வெள்ளி, வெண்கலம் எனப் பிரித்துள்ளனர். பிழைப்பாகக் கொண்டு உயர்ந்தவர் பிளாட்டினம். வேறு தொழில் செய்து, தம் பொருளைச் செலவிட்டு, ஆர்வத்தால் ஓட்டுவோர் வெண்கலம். லெ மானில் 2024 முதல் ஜி.டி. வகுப்பு வண்டி ஒவ்வொன்றிலும் வெண்கலத்தார் ஒருவரேனும் இருந்தே தீரவேண்டும். சிறந்தவரை மட்டுமே சேர்க்கும் அணிக்கு அங்கு இடமில்லை. தம்மினும் மெதுவான தோழரைச் சுமந்துகொண்டு வெல்லவேண்டும் என்பது விதி. பணம் கொடுத்து இடம் வாங்குவோர்க்கு இது வசதியான விதி என்று பழிப்போரும் உளர். அதிலும் உண்மை இல்லாமற்போகவில்லை.

தமிழர் பெரிதும் பேசிய பந்தயம் அண்மையில் துபாயில் நிகழ்ந்தது. 2025 ஜனவரி 11, 12 நாட்களில் நடந்த இருபத்துநான்கு மணிப் பந்தயத்திற்கு நடிகர் அஜித்குமார் தம் பெயரிலேயே அணியொன்று அமைத்துச் சென்றார். பயிற்சியின்பொழுது அவர் ஓட்டிய வண்டி தடுமாறி, சுவரில் மோதிச் சுழன்று நின்றது. அவர் ஊறின்றி இறங்கினார். அதன்பின் அவர் செய்ததே கருதத்தக்கது. தம் அணியின் நலங்கருதித் தாம் அவ்வண்டியை ஓட்டாது விலகி, மற்ற ஓட்டுநர்களிடம் அதனை விட்டார், தாம் ஜி.டி.4 என்னும் கீழ்வகுப்பில் வேறொரு வண்டியை ஓட்டினார். அவர் அணியின் போர்ஷே தன் வகுப்பில் மூன்றாவதாக வந்தது. அதனைக் கண்டு நம் நாட்டுக் கொடியோடு அவர் ஓடிய படத்தை நம் மாணவர் ஒவ்வொருவரும் பார்த்திருப்பர். அதே பொழுதில் முழுவரிசையில் முதலாவது வந்த வண்டி எது எனக் கேட்டால் நம்முள் விடை சொல்வார் அரியர். இதனை யான் குறையாகச் சொல்லவில்லை. வகுப்புப் பந்தயத்தைப் பார்க்கும் முறையே அதுதான்.

துபாய்ப் பந்தயத்தின் வழக்கங்கள் இரண்டு எனக்கு மிகவும் பிடித்தவை. அங்கே ஒவ்வோர் அணியும் தன் பிட்டில் எண்ணெய் நிரப்புவதில்லை. எல்லார்க்கும் பொதுவாக, நம் ஊர்ப் பெட்ரோல் பங்கு போலவே, ஓரிடத்தில் பம்புகள் உண்டு. பெரிய வண்டியும் சிறிய வண்டியும் அங்கே வந்து வரிசையில் நிற்கவேண்டும். விபத்து நேர்ந்தால் ஊதாக் கொடி காட்டுவர். கண்ட அளவில் எல்லா வண்டியும், எவ்வகுப்பாயினும், மணிக்கு 60 கி.மீ. வேகத்திற்கு இறங்கியாக வேண்டும். முந்துதல் கூடாது. அந்நேரம் தடம் முழுவதும் நம் உக்கடம் சாலையைப் போலத் தோன்றும்.

செட்டிபாளையத்தில் இருபத்துநான்கு மணிப் பந்தயம் நடத்தலாகுமோ என அண்ணனைக் கேட்டேன். 2.1 கி.மீ. சுற்றில் அறுபது வண்டியை விட்டால் முதல் வண்டி கடைசி வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே நிற்கும் என்றார். ஆயினும் வண்டிகளைக் குறைத்து, இரண்டு வகுப்பு மட்டும் வைத்து, ஆறு மணி நேரம் ஓட்டினால் அழகாயிருக்கும் என்று சொல்லி, எந்த எஞ்சின் தாங்கும், எது தாங்காது எனத் தம் நண்பரோடு இரவு உணவு ஆறும்வரை வழக்காடிக்கொண்டிருந்தார்.

அப்பெரியவரை மறுமுறை காணின், பின்னால் போகிறவன் தன் இனத்தாரோடு ஓடிக்கொண்டிருக்கலாம் என்றும், அப்பந்தயங்களில் வரிசைப்பலகை ஒன்றன்று, மூன்று நான்கு என்றும் சொல்வேன். நாம் அன்று கண்டது அவ்வகையன்று. அவ்வண்டி உண்மையாகவே தோற்றுத்தான் போயிற்று. அதனையும் ஒளியாது சொல்வேன்.

நண்பர்களுள் எவரேனும் லெ மானைக் காண விரும்பின் ஒரு யோசனை. முதல் வண்டியைப் பின்பற்ற வேண்டா. ஒளிப்படக் கருவிகளே அதனைப் பின்பற்றும். ஜி.டி. வகுப்பில் ஏதேனும் ஓர் எண்ணைத் தேர்ந்து குறித்துக்கொள்க. மணிக்கொருமுறை அது தன் வகுப்பில் எத்தனையாவது என ஒரு தாளில் எழுதுக. பிரான்சில் சனிக்கிழமை மாலை 4 மணி நமக்கு இரவு 7.30. விடுதிக் காப்பாளர் இசைவாராயின் நள்ளிரவு வரை காணலாம். மறுநாள் காலை 9.30-க்கு அங்கே வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். அப்பொழுது அந்த எண் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என முதலிற் பார்க்க.